மாறும் உரிமை: மர்ரே ஆற்றங்கரையிலிருந்து ஒரு கண்டத்தைப் பார்த்தல்



ஒரு கண்டத்தின் அரசியலும் சமூகமும் பண்பாட்டு அடையாளமும் காலந்தோறும் எப்படி மாறுகின்றன என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். ஒரு மணி நேரத்தில் எல்லாக் கண்டங்களையும் சுற்றி வந்தால் பெயர்களும் ஆண்டுகளும்தான் மிஞ்சும். ஆகவே கண்டமும் நாடும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிற ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்கிறேன். அதிலும் மர்ரே ஆற்றங்கரையில் உள்ள கம்மராகஞ்சா என்ற சிற்றூரை விட்டு அதிகம் விலகப்போவதில்லை. ஆற்றின் வடகரையில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். ஊர் அங்கே இருக்கிறது. தென்கரையில் விக்டோரியா மாநிலத்தின் பார்மா காடு. மாநில எல்லை ஆற்றோடு போகிறது. யோர்ட்டா யோர்ட்டா மக்களின் நிலமோ இரு கரையிலும் விரிந்து கிடக்கிறது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலம் எல்லோரையும் மாற்றுகிறது. ஆனால் மாறிய பிறகும் ‘நான் நான்தான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் ஆட்சி செய்தவர்கள் தங்களைப் பலமுறை மாற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் அது நாட்டின் வளர்ச்சி என்று ஏட்டில் ஏறியது. அந்த மண்ணின் முதற்குடிகள் மாறியபோது, அவர்கள் தொலைந்துபோனதற்குச் சான்று என்று ஏட்டில் ஏறியது. நீதிமன்றத் தீர்ப்பாகவே ஏறியது.

50 ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர் வாழ்ந்துவரும் கண்டம் அது. 1788 ஜனவரி 26 அன்று பிரிட்டனின் கப்பல்கள் சிட்னித் துறையில் நங்கூரமிட்டபோது அங்கே 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. வந்தவர்கள் யாரோடும் உடன்படிக்கை செய்துகொள்ளவில்லை. நிலத்துக்கு உரியவர் என்று எவரையும் ஏற்காமலே அதை மன்னரின் நிலமாக்கிக்கொண்டார்கள். அடுத்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் ஆட்டு மந்தைகள் மர்ரே சமவெளி வரை வந்துவிட்டன. நோயும் துப்பாக்கியும் மந்தைகளோடு சேர்ந்தே வந்தன.

1881இல் நடந்த ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கம்மராகஞ்சாவுக்கு அருகே மலோகா என்ற இடத்தில் டேனியல் மேத்யூஸ் என்ற கிறித்தவ ஊழியர் 1874இல் ஒரு குடியிருப்பைத் தொடங்கியிருந்தார். அங்கிருந்த 42 ஆண்கள் சேர்ந்து ஆளுநருக்கு ஒரு மனு அனுப்பினார்கள். எங்கள் நிலமெல்லாம் வந்தவர்கள் கைக்குப் போய்விட்டது. அவர்களுடைய ஆடுமாடுகளால் வேட்டை விலங்குகள் அற்றுப்போகின்றன. எங்களுக்குப் போதிய நிலம் ஒதுக்குங்கள், உழுது பயிரிட்டு, கால்நடை வளர்த்து, எங்கள் உழைப்பில் பிழைத்துக்கொள்கிறோம் என்பதுதான் அதன் சாரம். பறிகொடுத்தவர்கள் பறித்தவரின் மொழியிலேயே, பறித்தவரின் சட்டத்துக்கு உட்பட்டே கேட்ட நியாயம் அது. இந்த மனுவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டுக்கு மேல் கழிந்து இதை ஒரு நீதிபதி எடுத்து வாசிக்கப்போகிறார்.

1883இல் 1,800 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. 1888இல் மக்கள் மலோகாவை விட்டு அங்கே குடிபெயர்ந்தார்கள். அதுதான் கம்மராகஞ்சா. சில குடும்பங்களுக்குத் தனித்தனியாக வயல் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அவர்கள் காட்டைத் திருத்திக் கோதுமை விளைவித்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தத் திருத்திய வயல்களை ஆதிக்குடிப் பாதுகாப்பு வாரியம் திரும்ப எடுத்துக்கொண்டது. 1909ஆம் ஆண்டுச் சட்டம் வாரியத்தின் கையை இன்னும் வலுவாக்கியது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகள் பிரித்தெடுக்கப்பட்டார்கள். பெண் பிள்ளைகள் வீட்டு வேலைக்குப் பழக்கப்படும் விடுதிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். உழவராக மாறுங்கள் என்று சொன்ன அரசே, மாறியவரின் வயலையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டது.

இந்த ஊரின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஆஸ்திரேலிய ஆதிக்குடிகள் என்றதும் நம் பக்கத்தில் வளரியையும் பூமராங்கையும் அருகருகே வைத்துப் பல்லாயிரம் ஆண்டு உறவு தேடுவோர் உண்டு. அந்த ஆராய்ச்சிக்குள் நான் இறங்கவில்லை. பெயரும் ஊரும் ஆண்டும் உள்ள ஓர் உறவு இங்கேயே இருக்கிறது. மலோகாவிலும் பின்பு கம்மராகஞ்சாவிலும் நாற்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ். 1859இல் மொரீஷியஸில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1881இல் மலோகாவுக்கு வந்தார். யோர்ட்டா யோர்ட்டா குடும்பத்தில் ஏடா கூப்பர் என்பவரை மணந்தார். அந்த ஊர்க்காரராகவே வாழ்ந்தார். ஆதிக்குடிப் பிள்ளைகளுக்கு அரைகுறைப் படிப்பே போதும் என்று அரசு எண்ணிய காலத்தில், எழுத்தும் பேச்சும் மனு எழுதும் துணிவும் கற்றுக்கொடுத்தார். அவரிடம் படித்தவர்களின் பெயர்களை அடுக்கினால், 20ஆம் நூற்றாண்டின் ஆதிக்குடி உரிமை இயக்கத்தின் முன்வரிசையே வந்துவிடும்.

அவருடைய மைத்துனர் வில்லியம் கூப்பர் அந்த வரிசையில் முதல்வர். ஆட்டு மயிர் கத்தரிப்பது உட்படக் கிடைத்த கூலி வேலையெல்லாம் செய்தவர். எழுபது வயதைக் கடந்து, 1933இல், கம்மராகஞ்சாவை விட்டு மெல்போர்னின் ஃபுட்ஸ்கிரே பகுதிக்குப் போனார். ஒதுக்கப்பட்ட ஆதிக்குடிக் குடியிருப்பில் இருந்தால் முதியோர் ஓய்வூதியம் கிடையாது என்பது ஒரு காரணம். அங்கே உட்கார்ந்து கடிதங்கள் எழுதினார். நாடு முழுவதும் கையெழுத்து திரட்டினார். 1,814 பேர் ஒப்பமிட்ட அந்த மனு பிரிட்டன் மன்னருக்கு எழுதப்பட்டது. நாடாளுமன்றத்தில் எங்களுக்காகப் பேச ஒரு பிரதிநிதி வேண்டும் என்று அது கேட்டது. கான்பெரா அரசு அதை மன்னருக்கு அனுப்ப மறுத்துவிட்டது. 1938 ஜனவரி 26 அன்று, வெள்ளையர் குடியேறியதன் 150ஆம் ஆண்டு விழா சிட்னியில் நடந்துகொண்டிருந்தபோது, கூப்பரும் அவர் தோழர்களும் அதே நகரில் அந்த நாளைத் துக்க நாளாக அனுசரித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், ஜெர்மனியில் யூதர்கள் மீது நடந்த வன்முறையைக் கண்டித்து, மெல்போர்னில் இருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு ஊர்வலம் போனார். தன் நாட்டிலேயே குடிமக்களுக்குரிய உரிமை இல்லாத கிழவர், கடல் கடந்த மக்களுக்காக நியாயம் கேட்டு நின்றார். இந்தச் செய்தியை எத்தனை முறை படித்தாலும் என்னால் சும்மா கடந்து போக முடிவதில்லை.

1939 பிப்ரவரியில் கம்மராகஞ்சா மக்கள் குடியிருப்பு மேலாளரின் கொடுமை தாங்காமல், ஊரை விட்டு வெளியேறி, ஆற்றைக் கடந்து பார்மாவில் கூடாரம் அடித்தார்கள். ஆஸ்திரேலிய ஆதிக்குடிகள் கூட்டாக நடத்திய முதல் வெளியேற்றப் போராட்டங்களில் அது ஒன்று.

இனி, ஆட்சியில் இருந்தவர்கள் எப்படி மாறினார்கள் என்று பார்ப்போம்.

1901 ஜனவரி 1 அன்று ஆறு குடியேற்றங்களும் சேர்ந்து ஒரே நாடானபோது, புதிய நாடாளுமன்றம் கொண்டுவந்த முதல் சட்டங்களில் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டமும் ஒன்று. வெள்ளை ஆஸ்திரேலியா என்ற கொள்கையின் முதுகெலும்பு அது. ஆனால் அதில் நிறம் என்ற பேச்சே இல்லை. கப்பலில் வந்தவருக்கு அதிகாரி ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் உள்ள பத்தியை வாசிப்பார். வந்தவர் கேட்டு எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். இந்தத் தந்திரம் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பிறந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் போன அதே நேட்டால்தான். இந்தியர்கள் மேலும் வந்து குடியேறுவதைத் தடுக்க, இனத்தின் பெயரைச் சொல்லாமல், ஐரோப்பிய மொழியில் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று 1897இல் அங்கே சட்டம் செய்தார்கள். பிரிட்டனின் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர் ஜோசப் சேம்பர்லேன் அந்த வழியை மற்றக் குடியேற்றங்களுக்கும் பரிந்துரைத்தார். நம்மவரைத் தடுக்கக் கட்டிய வேலி, ஒரு கண்டத்துக்கே வேலியாயிற்று.

அந்தச் சோதனை எவ்வளவு வெட்கமற்றது என்பதற்கு 1934ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று போதும். ப்ராக் நகரில் பிறந்த எழுத்தாளர் எகோன் கிஷ், ஹிட்லரைக் கண்டித்துப் பேசக் கப்பலில் வந்தார். இறங்க அனுமதிக்கவில்லை. மெல்போர்னில் கப்பலின் மேல்தளத்திலிருந்து துறைமுகத்தில் குதித்தார்; கால் முறிந்தது. சிட்னியில் அவருக்கு எழுத்துச் சோதனை வைத்தார்கள். ஐரோப்பிய மொழிகள் பல அறிந்த அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் வைத்தார்கள். வழக்கு தலைமை நீதிமன்றம் வரை போனது. அந்தச் சட்டம் கருதும் ஐரோப்பிய மொழிகளுள் அது அடங்காது என்று நீதிபதிகள் சொன்னதால் கிஷ் தப்பினார். 1958 வரை அந்தச் சோதனை சட்டப் புத்தகத்தில் இருந்தது. அதன் பிறகும் நிறம் பார்ப்பது நிற்கவில்லை. 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் ஆஸ்திரேலியாவுக்குப் பெயர நினைத்த பறங்கியர், தங்கள் ஐரோப்பிய வம்சாவளியை நிரூபிக்க வேண்டியிருந்தது.

இப்படி இருந்த நாடு மாறியது. மனம் கனிந்து மாறியது என்று நான் நம்பவில்லை. அச்சத்தில் தொடங்கிய மாற்றம் அது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது; நான்கே நாளில் ஜப்பானிய விமானங்கள் டார்வின் நகரில் குண்டு வீசின. ஏழு மில்லியன் பேரை வைத்துக்கொண்டு ஒரு கண்டத்தைக் காக்க முடியாது, பிரிட்டன் காப்பாற்ற வராது என்பது உறைத்தது. 1945இல் முதல் குடியேற்ற அமைச்சரான ஆர்தர் கால்வெல், பிரிட்டிஷார் போதாதபோது போரில் வீடிழந்த கிழக்கு ஐரோப்பியரை அழைத்தார். பின்பு இத்தாலியர், கிரேக்கர் வந்தார்கள். 1949இல் தொடங்கிய ஸ்நோயி மலை நீர்மின் திட்டத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள் சுரங்கம் தோண்டினார்கள். ஆஸ்திரேலியக் குடியுரிமை என்று ஒன்று சட்டத்தில் வந்ததே 1949இல்தான். அதுவரை அவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். 1973இல் விட்லம் அரசு நிறப் பாகுபாட்டின் மிச்சத்தையும் நீக்கியது. 1976 முதல் வியட்நாம் அகதிகளின் படகுகள் டார்வினுக்கு வந்தன. ஃப்ரேசர் அரசு அவர்களை ஏற்றுக்கொண்டது. 2021 கணக்கெடுப்பில், மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தாயோ தந்தையோ வெளிநாட்டில் பிறந்தவர். வீட்டில் தமிழ் பேசுவோர் மட்டும் 95 ஆயிரத்துக்கும் மேல்.

எல்லா வாசலும் திறந்துவிடவில்லை. படகில் வருவோர் ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் கால் வைத்தாலும், சட்டத்தின் கண்ணில் வந்தவராகவே கருதப்பட மாட்டார் என்று 2013இல் திருத்தம் செய்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஈழத்தமிழர் பெருந்தொகையாகப் படகேறி வந்திருந்தார்கள். நாடு கடத்தப்பட இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை மீட்க, குயின்ஸ்லாந்தின் உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடி 2022இல் வென்றதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிரிட்டிஷ் பிரஜையாக இருந்தவர் ஆஸ்திரேலியர் ஆனார். வெள்ளை நாடு பல பண்பாட்டு நாடு ஆனது. மொழி, உணவு, வழிபாடு, நாட்டுப்பண் வரை மாறின. இவ்வளவு மாறியபின் நீ பழைய ஆஸ்திரேலியாதானா, உனக்கு இந்த நிலத்தில் உரிமை தொடர்கிறதா என்று அந்த நாட்டை யாரும் கேட்கவில்லை.

முதற்குடிகளைக் கேட்டார்கள்.

1901ஆம் ஆண்டு அரசமைப்பின் 127ஆம் பிரிவு, நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது ஆதிக்குடிகளைச் சேர்க்கக் கூடாது என்றது. 1967 மே 27 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு பெற்று அது நீக்கப்பட்டது. அதற்காக நாடெங்கும் பேசியவர்களில் டக் நிக்கோல்ஸ் ஒருவர். கம்மராகஞ்சாவில் பிறந்தவர், ஜேம்ஸின் பள்ளி மாணவர், கால்பந்து வீரர், போதகர். 1976இல் அவர் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரானார். ஆளுநருக்கு மனு எழுதிய ஊர், தொண்ணூற்றைந்து ஆண்டில் ஓர் ஆளுநரைத் தந்தது.

பிறகு மாபோ வழக்கு. டோரஸ் நீரிணையின் மெர் தீவைச் சேர்ந்த எடி கொய்கி மாபோ, டவுன்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலை செய்தவர். தன் தீவில் தன் குடும்பத்துக்கு உள்ள நிலத்தைப் பற்றி வரலாற்றாசிரியர் ஹென்றி ரெனால்ட்ஸிடம் பேசிக்கொண்டிருந்தபோது, சட்டப்படி அது அரசு நிலம் என்று அவர் சொல்லக் கேட்டுத் திகைத்துப்போனார். 1982இல் வழக்குத் தொடுத்தார். வழக்கையே இல்லாமலாக்க குயின்ஸ்லாந்து அரசு 1985இல் ஒரு சட்டம் போட்டது. 1988இல் தலைமை நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. எதை வைத்து? 1975ஆம் ஆண்டு இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை வைத்து. வெள்ளை ஆஸ்திரேலியாவைக் கைவிட்ட காலத்தில் பிறந்த அதே சட்டம்தான், முதற்குடிகளின் நில வழக்கையும் காத்து நின்றது. இந்த இணைப்பை அங்கே குடியேறிய நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன். 1992 ஜூன் 3 அன்று தீர்ப்பு வந்தது: பிரிட்டிஷார் வரும் முன்பே இருந்த நில உரிமை, அவர்கள் வந்ததாலேயே அழிந்துவிடவில்லை. மாபோ அதைக் கேட்க உயிரோடு இல்லை. அந்த ஜனவரியில் புற்றுநோயால் இறந்திருந்தார்.

அந்தத் தீர்ப்பையொட்டி வந்த புதிய நில உரிமைச் சட்டத்தின்படி யோர்ட்டா யோர்ட்டா மக்கள் 1994இல் தங்கள் கோரிக்கையைப் பதிந்தார்கள். நூறு நாளுக்கு மேல் விசாரணை நடந்தது. மூத்தவர்கள் வந்து தங்கள் ஆற்றைப் பற்றியும் காட்டைப் பற்றியும் சாட்சி சொன்னார்கள். 1998இல் நீதிபதி ஓல்னி தள்ளுபடி செய்தார். 1840களில் அங்கே வந்து ஆட்டுப்பண்ணை நடத்திய எட்வர்ட் கர் என்ற வெள்ளையர் தன் நூலில் எழுதி வைத்ததே, மூத்தவர்களின் வாய்மொழியைவிட நம்பத்தக்கது என்று கொண்டார். அடுத்து 1881 மனுவை எடுத்தார். உழுது பிழைக்க நிலம் கேட்டார்களே, அப்போதே மரபு வாழ்வு முடிந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று என்றார். வரலாற்றின் அலை அவர்களின் உரிமையை அடித்துக்கொண்டு போய்விட்டது என்பது முடிவு. 2002இல் தலைமை நீதிமன்றம் ஐவருக்கு இருவர் என்ற கணக்கில் அதை உறுதி செய்தது.

நிலத்தைக் கேட்டு எழுதிய மனு, நிலம் இல்லை என்பதற்குச் சான்றாயிற்று. இதை அநீதி என்று சொல்ல நான் தயங்கவில்லை. அந்த மக்களை வேட்டையிலிருந்து விலக்கியது அரசு. மொழியைப் பேசவிடாமல் தடுத்தது அரசு. பிள்ளைகளைப் பிரித்தது அரசு. பிறகு, தொடர்ச்சி அறுந்துவிட்டதே என்று அவர்களிடமே கணக்குக் கேட்டதும் அரசுதான்.

நம்மையே எடுத்துக்கொள்வோம். சிட்னியில் ஜனவரி என்பது கடுங்கோடை. நம்மவர்கள் அங்கே பூங்காவில் எரிவாயு அடுப்பு வைத்துப் பொங்கல் பொங்குகிறார்கள். நெல் அறுப்பும் இல்லை, தை மாதத்துப் பனியும் இல்லை. பிள்ளைகள் ஆங்கிலத்தில் கூச்சலிடுகிறார்கள். ஆனால் நீங்கள் தமிழர் இல்லை என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. சொன்னால் ஏற்போமா? இரண்டாயிரம் ஆண்டில் தமிழரின் தெய்வமும் உடையும் எழுத்தும் எவ்வளவோ மாறின. தமிழர் தமிழராகவே இருந்தார்கள். இதே சலுகையைத்தான் யோர்ட்டா யோர்ட்டா மக்கள் கேட்டார்கள்.

கூப்பரின் மனுவில் இருந்த கோரிக்கை மீண்டும் எழுந்தது. 2017இல் உலுரு பாறையருகே கூடிய முதற்குடிப் பிரதிநிதிகள், நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அமைப்பை அரசமைப்பில் சேர்க்கக் கேட்டார்கள். ஆலோசனை மட்டுமே, தடுக்கும் அதிகாரம் இல்லை. 2023 அக்டோபர் 14 அன்று வாக்கெடுப்பு. சுமார் 60 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாநிலங்களில் ஒன்றிலும் தேறவில்லை. முதற்குடிகளுக்குள்ளேயே வெவ்வேறு காரணங்களால் எதிர்த்தவர்கள் இருந்தார்கள், உண்மை. ஆனாலும் பல பண்பாட்டைக் கொண்டாடும் நாடு, முதல் பண்பாட்டுக்கு ஓர் இருக்கை போட மனம் வராமல் நின்றது.

மாநில அளவில் நடப்பதோ மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. தெற்கு ஆஸ்திரேலியா தன் சொந்தச் சட்டத்தால் அத்தகைய அமைப்பை உருவாக்கி 2024 மார்ச்சில் தேர்தலும் நடத்தியது. குயின்ஸ்லாந்தில் ஆட்சி மாறியதும், முதற்குடிகளோடு உடன்படிக்கைக்கு வழிசெய்த சட்டத்தை அதே ஆண்டு நவம்பரில் நீக்கிவிட்டார்கள். விக்டோரியா அரசு, நீதிமன்றம் மறுத்ததைப் பேச்சுவார்த்தையில் ஓரளவு ஈடுசெய்ய முயன்றது. பார்மா தேசியப் பூங்காவைச் சேர்ந்து நிர்வகிக்க 2010இல் யோர்ட்டா யோர்ட்டா மக்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. நீதிமன்றம் இல்லை என்று சொன்ன உறவை, ஓர் அமைச்சரகம் உண்டு என்று ஒப்புக்கொண்டு நடக்கிறது.

சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்த அவையில் இருப்பதால் ஒன்றைக் குறிப்பிட்டு முடிக்கிறேன். 2015இல் ஆஸ்திரேலியச் சட்டச் சீர்திருத்த ஆணையம், நில உரிமைச் சட்டத்தை ஆராய்ந்து நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தந்தது. மரபுச் சட்டங்களும் வழக்கங்களும் காலத்துக்கேற்ப மாறலாம், வளரலாம் என்று சட்டத்திலேயே எழுதுங்கள். இடையறாத் தொடர்ச்சியைத் தலைமுறை தலைமுறையாக நிரூபிக்க வேண்டும் என்ற சுமையை எடுத்துவிடுங்கள் என்றது. ஓல்னியின் தீர்ப்பை ஒரு பக்கமும் இந்த அறிக்கையை மறுபக்கமும் வைத்துப் படியுங்கள். பத்தாண்டுகள் கழிந்தும் அந்தத் திருத்தம் நிறைவேறவில்லை.